அபிட்ஸ் வீதியில் முஜ்தபா ஹுசைனைத் தேடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹைதராபாத் அபிட்ஸில் கடைகள் பூட்டிக் கிடக்கும். அந்தப் படிக்கட்டுகளிலும் நடைபாதையிலும் பழைய புத்தகக்காரர்கள் கடை விரித்துவிடுவார்கள். இன்ஜினியரிங் கைடுகளும் ஆங்கில நாவல்களும் இடுப்புயரம் குவிந்திருக்கின்றன. உருதுப் புத்தகத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.

கூட வந்தவர் ஆம்பூர்க்காரர். தமிழும் உருதுவும் அவருக்கு வீட்டுப் பேச்சு. “முஜ்தபா சாஹேப் புத்தகம் இருக்கா பாய்?” என்று அவர் உருதுவில் கேட்டதும் வயதான கடைக்காரரின் முகம் மலர்ந்தது. மூலையிலிருந்த ஒரு கட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். அட்டை இல்லை. ஓரமெல்லாம் செல்லரித்து, பக்கம் பக்கமாக ஒரே இடத்தில் துளை. விரலால் தட்டினால் செம்மண் பொடி உதிர்ந்தது.

“கரையான் ராணியை இவர் பேட்டி எடுத்திருக்கார் சார், தெரியுமா?” என்றார் நண்பர். உருது நகைச்சுவை எழுத்தாளர் முஜ்தபா ஹுசைனின் பெயர்பெற்ற கட்டுரை அது. நூலகத்தில் கரையான்களின் அரசியைச் சந்தித்து உரையாடுகிறார். மனிதர்கள் கைவிட்ட உருதுப் புத்தகங்களுக்குள் கடைசிவரை போய்வருவது கரையான் மட்டும்தான் என்ற துயரத்தை, சிரிக்கவைத்தபடியே சொல்லிவிடுகிறார். தன் மொழியை இவ்வளவு நேசித்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

அங்கிருந்து நடக்கிற தூரம்தான், ஜவஹர்லால் நேரு சாலையில் ‘சியாசத்’ நாளிதழ் அலுவலகம். ஆபித் அலி கானும் மஹ்பூப் ஹுசைன் ஜிகரும் 1949 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய பத்திரிகை. ஜிகர், முஜ்தபாவின் மூத்த அண்ணன். எழுத்தாளரான இன்னொரு அண்ணன் இப்ராஹிம் ஜலீஸ் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். குல்பர்கா பக்கத்தில் 1936இல் பிறந்த தம்பி, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அண்ணனின் பத்திரிகையில் சேர்ந்தார்.

அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். 1962இல் அங்கதப் பத்தியான ‘ஷீஷா-ஓ-தேஷா’வை எழுதிவந்த கவிஞர் ஷாஹித் சித்தீக்கி காலமானார். பத்தி நிற்கக் கூடாது, நீ எழுது என்று அண்ணன் சொல்லிவிட்டார். நகைச்சுவையே எழுதிப் பழகாத இருபத்தாறு வயது இளைஞர் அன்று உட்கார்ந்து எழுதினார்; பிறகு ஆயுள் முழுக்க அதுவே அவர் தொழிலாயிற்று. வரம் வாங்கிவந்த மேதை என்று நாம் கொண்டாடுகிற பலர், இப்படி அச்சுக்குப் போகும் நேரத்தின் நெருக்கடியில் உருவானவர்கள்தாம். கல்கியை நினைத்துக்கொண்டேன்.

இதே அபிட்ஸில்தான் ஓரியண்ட் ஹோட்டல் இருந்தது. மக்தூம் மொஹியுத்தீன் போன்ற கவிஞர்கள் ஒரு கோப்பை டீயை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதாடிய இடம். இன்று அது இல்லை. அந்த மேசைகளில் பார்த்த மனிதர்களை முஜ்தபா தன் ‘காக்கா’க்களில், அதாவது ஆளைத் தீட்டிக்காட்டும் சொற்சித்திரங்களில், உயிரோடு வைத்திருக்கிறார். என் கணக்கில் அவருடைய உச்சம் அவைதாம். யாரையும் சிறுமைப்படுத்தாமல் ஒருவருடைய விசித்திரங்களைச் சொல்வது எளிதான காரியமில்லை. ‘ஜிந்தா திலான்-எ-ஹைதராபாத்’ என்ற நகைச்சுவை அமைப்பு வேரூன்றியதிலும் அவருக்குப் பெரிய பங்குண்டு.

1972இல் டெல்லிக்குப் போனார். உருது வளர்ச்சிக்கான குஜ்ரால் குழுவிலும், பிறகு என்.சி.இ.ஆர்.டி.யிலும் வேலை. ஜப்பான் போய்வந்து ஒரு பயணநூல் எழுதினார். 2007இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

2019 டிசம்பரில், குடியுரிமைத் திருத்தச் சட்டப் போராட்டங்கள் நாடெங்கும் நடந்த நாட்களில், அந்த விருதைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். நாட்டின் ஜனநாயகம் சிதைகிறது என்பது அவர் சொன்ன காரணம். அப்போது வயது எண்பத்து மூன்று. வாழ்நாளெல்லாம் சிரிக்கவைத்த மனிதர் அன்று வேடிக்கை எதுவும் பேசவில்லை. அவருடைய எழுத்தின் நேர்மைக்கு எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. 2020 மே 27 அன்று, ஊரடங்குக் காலத்தில், ஹைதராபாத்தில் காலமானார்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் திருவல்லிக்கேணியிலும் இரண்டு மொழியும் சரளமாக அறிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். ஆங்கிலம் வழியாகச் சுற்றி வராமல், முஜ்தபாவின் கட்டுரைகளை உருதுவிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு காக்காவில் தொடங்கினாலும் போதும்.