நார்வேக்கு முன்னால் கடாரம்

நார்வே கடற்கரை ஓரமாகச் சைக்கிளில் போய், இரவானால் கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும் என்பது எனக்கும் என் கணவருக்கும் கல்யாணமான வருடத்திலிருந்தே உள்ள ஆசை. அதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கே தொடங்கினோம். எட்டு வருடத்தில் அந்தக் கணக்கு வீட்டு முன்பணம், மாமனாரின் கண் அறுவை சிகிச்சை, பழைய காரின் கியர் பாக்ஸ் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. நார்வேயை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

“அவ்வளவு குளிரில் போய் ஏன் கூடாரத்தில் படுக்க வேண்டும்?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எங்களை இழுத்தது அந்த நாட்டுச் சட்டம். நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிர் செய்யாத திறந்த நிலத்தில், அது தனியாருடையதாக இருந்தாலும், யாரும் நடக்கலாம், கூடாரம் போடலாம். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் நிலத்துக்காரரைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். சுவீடனில் இந்த உரிமை 1994 முதல் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. ஹெல்சிங்போரியிலிருந்து கோத்தன்பர்க் வரை 390 கிலோமீட்டருக்குக் கடலோர சைக்கிள் பாதை ஒன்றை 2015-இல் திறந்தார்கள். நான் அந்த வரைபடத்தை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதன்மேல்தான் மின்சாரக் கட்டண ரசீதும் தொங்கும்.

போன ஆண்டு நடுவில் கணவருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு வேலை வந்தது. பிறை தொழிற்பேட்டையில் அவருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பெரும்பாலும் இரவு. எனக்கு வானொலியில் காலை நிகழ்ச்சி. நான் நாலு மணிக்கு எழும்போது அவர் ஆலையில் இருப்பார். அவர் வந்து படுக்கும்போது நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் நேயர்களுக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஊரே கேட்கப் பேசுகிறேன். வீட்டில் பேச்செல்லாம் கைப்பேசிக் குறுஞ்செய்திதான். சிங்கப்பூர் விஷயத்தையும் அதிலேயே முடித்துவிடப் பார்த்தோம். முடியவில்லை. மலேசிய தினத்தை ஒட்டி மூன்று நாள் விடுமுறை கிடைத்தபோது அவர் கேட்டார்: “நார்வே கெடக்கட்டும்மா. கெடா வரைக்கும் போலாமா?”

இரண்டும் பழைய சைக்கிள்கள், இரண்டு பேர் கூடாரம் ஒன்று, கைலி, கொசுவர்த்தி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். அத்தை வாசலில் நின்று, “கார் இருக்கிறப்ப எதுக்கு இந்தக் கூத்து?” என்று கேட்டுக்கொண்டே புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். விடியும் முன்பே செபராங் ஜெயாவை விட்டோம். நெடுஞ்சாலைச் சந்திப்பைச் சைக்கிளில் கடப்பதுதான் இந்தப் பயணத்திலேயே பயங்கரமான ஒரு கிலோமீட்டர். பட்டர்வொர்த் தாண்டி பினாகா பக்கம் போனபின் வயலும் தென்னையுமாகச் சாலை சாதுவாகிவிடுகிறது. தீவுக்குத்தான் போக வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. பினாங்குப் பாலத்தில் சைக்கிள் விடமாட்டார்கள். ஆனால் 2023 ஆகஸ்டில் வந்த புதிய பெரிகளில் சைக்கிளை ஏற்றலாம்.

கோலா மூடாவில் ‘பாசார் பிசிக்’ என்று ஒரு மீன் சந்தை இருக்கிறது. குசுகுசுச் சந்தை என்று சொல்லலாம். படகு வந்ததும் மீனைக் கொட்டுகிறார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக விற்பவரின் காதருகே குனிந்து தங்கள் விலையை மெல்லச் சொல்கிறார்கள். அடுத்தவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் அதிக விலை சொன்னவருக்கு மீன். ஏலம் என்றாலே கூச்சல் என்று நினைத்திருந்த எனக்கு, தொண்டையை வைத்துப் பிழைக்கிற எனக்கு, அரை மணி நேரம் அங்கிருந்து நகர மனமில்லை. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. சொன்னவர் நிமிர்ந்ததும் விற்பவர் முகத்தில் ஒன்றுமே தெரியாது. கணவர் பக்கத்தில் நின்று, “உங்க நிகழ்ச்சியையும் இப்படி நடத்தலாம்” என்றார்.

மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா மாநிலம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் நாட்டில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். இந்தக் கரையும் அன்று அடிபட்டது. கோத்தா கோலா மூடாவில் உடைந்த படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அதே கடலோரம் கூடாரம் போடுவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். எனக்கு அவ்வளவாக இல்லை.

முதல் இரவு பந்தாய் மெர்டேக்காவில். இங்கே நமக்கு நார்வே மாதிரி சட்டம் எதுவும் கைகொடுக்காது. கேட்டுத்தான் படுக்க வேண்டும். சாப்பாட்டுக் கடை நடத்தும் மக்சிக் ஒருவரிடம் கேட்டோம். எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். “கல்யாணம் ஆயிடுச்சா?” என்பது முதல் கேள்வி. சவுக்கு மரத்தடி வேண்டாம், காற்றில் கிளை விழும் என்று சொல்லிக் கடைக்குப் பின்புறம் இடம் காட்டினார். கழிப்பறைச் சாவியை என் கையில் கொடுத்தார். இரவு முழுக்க ஒரு விளக்கை எரியவிட்டுப் போனார். பெண்கள் வெளியில் படுப்பதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கடல், நிலா என்கிறார்கள். எனக்கு அந்தச் சாவியும் விளக்கும்தான் பெரிதாகப் பட்டன. சட்டம் இருக்கும் ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது நிம்மதிதான். இங்கே அந்த அம்மா நல்லவராக இருந்தார்; இல்லாவிட்டால் நாங்கள் எங்கே போயிருப்போம் என்பதும் உண்மைதான்.

மறுநாள் காலை மெர்போக் ஆற்றின் வாயில் படகு. சைக்கிள்களைப் படுக்கவைத்து எங்களை அதன் நடுவில் உட்காரச் சொன்னார் படகுக்காரர். சில நிமிடத்தில் அக்கரை: தஞ்சோங் டாவாய். ஊர் முழுக்க நெத்திலி காய்கிற வாசம். எனக்குப் பிடித்த வாசம்தான், வெறும் வயிற்றில் வேண்டாம். அங்கே பசியாறிவிட்டு மெர்போக் அருங்காட்சியகத்துக்கு மிதித்தோம்.

நாம் பள்ளியில் கடாரம் என்று படித்தது இந்த ஊரைத்தான். ராஜேந்திர சோழனின் கப்பல்கள் 1025-இல் வந்தது இந்தக் கடல் வழியாகத்தான். ஜெராய் மலையைக் கடலிலிருந்து பார்த்துத்தான் மாலுமிகள் கரையை அடையாளம் கண்டார்கள் என்பார்கள். 1,217 மீட்டர் மலை சமதரையிலிருந்து ஒரேயடியாக எழுந்து நிற்கிறது. மிதித்துக்கொண்டே போனாலும் அன்று முழுக்க அது எங்கள் பக்கத்திலேயே இருந்தது. அருங்காட்சியகத்தில் ஓடைக்கரையில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. 1930-களில் இந்த வட்டாரத்தில் தோண்டி ஆராய்ந்தவர்களும் ஒரு தம்பதிதான்: குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும். காட்டில், அட்டைக்கு நடுவில். எங்களுக்கு ஒரு கூடாரம் பெரிய விஷயமாகத் தெரிந்தது!

யான் தாண்டியதும் வானம் கறுத்தது. செப்டம்பர் மாத வடக்கு மழையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரு பக்கமும் வயல், ஒதுங்க ஒரு பஸ் நிறுத்தம். மோட்டாரில் போன பெரியவர் ஒருவர் திரும்பி வந்து, பின்னால் வாருங்கள் என்று கையசைத்தார். கால் ஊன்றிய அவருடைய பலகை வீட்டுக்கு அடியில், சிமெண்டுத் தரையில் கூடாரம் போட்டோம். மேலே பேரப்பிள்ளைகள் ஓடுகிற சத்தம், தகரக் கூரையில் மழை. பக்கத்தில் இருப்பவர் பேசுவதையே காதருகே சொன்னால்தான் கேட்கும்.

அப்போது சொன்னார். “அவங்க கேக்கிறது ரெண்டு வருஷம் இல்ல. மூணு.”

“இத ஏங்க வீட்லயே சொல்லல?”

“வீட்ல சொன்னா நீ உடனே சரின்னுடுவ. வேலைக்குக் கிளம்புற அவசரத்துல.”

நான் பதில் சொல்ல நேரமெடுத்தது. அவர் சொன்னது பொய்யில்லை. சம்பளம் எவ்வளவு, அதில் அறை வாடகை எவ்வளவு, அத்தையின் மருந்துச் சீட்டுக்கு மாதா மாதம் யார் போவது, எங்களுக்குப் பிள்ளை வேண்டுமென்றால் முப்பத்தாறு வயதில் இன்னும் மூன்று வருடத்தைத் தள்ளிப்போட முடியுமா. எல்லாவற்றையும் பேசினோம். குரலை உயர்த்தினால் மேலே கேட்டுவிடும் என்பதால் சண்டையும் மெதுவாகத்தான் நடந்தது. நடுவில் நான் கொஞ்சம் அழுதேன். ஒரு வருட ஒப்பந்தம் என்றால் போவது, மூன்று என்றால் பிறையிலேயே இருப்பது என்று முடிவானபோது மழை விட்டு வெகு நேரமாகியிருந்தது.

கடைசி நாள் எதிர்காற்று. சுவீடன்காரர்களும் தங்கள் கடலோரப் பாதையில் இதைத்தான் திட்டுவார்களாம். கோலா கெடாவில் லங்காவி படகுகளைப் பார்த்தபடி ஆளுக்கு இரண்டு கிண்ணம் லக்சா சாப்பிட்டோம். மொத்தம் சுமார் 120 கிலோமீட்டர். என் தம்பி வேனோடு வந்து சைக்கிள்களை ஏற்றிக்கொண்டான். மூன்று நாள் மிதித்த தூரத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

சிங்கப்பூர்க்காரர்கள் கொஞ்சம் சம்பளத்தைக் குறைத்து ஒரு வருடத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். நவம்பரில் போனார். மாதம் ஒருமுறை இரவு பஸ்ஸில் வருகிறார். சைக்கிள்கள் இரண்டையும் கழுவி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த நீண்ட விடுமுறைக்குக் கோலா கெடாவிலிருந்து கோலா பெர்லிஸ். அந்த வழியில் இரவு தங்க யாரைக் கேட்கலாம் என்று இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்து வாசகர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இரண்டு பேர், ஒரே கூடாரம், கல்யாணமும் ஆகிவிட்டது.