இறக்கையா, விசிறியா?

இரண்டு ஜாதகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் விழிக்கும் தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். போன வருஷம் நானும் அப்படித்தான் விழித்தேன். ஆனால் என் முன்னால் கிடந்தவை ஜாதகங்கள் அல்ல. ஒன்று ஆகாய விமானம், மற்றொன்று ஹெலிகாப்டர்!

"அம்மா, நான் பைலட் ஆகப் போறேன்" என்று என் பெண் சொன்னபோது நான் திடுக்கிடவில்லை. பௌதிகத்தில் பட்டம் வாங்கியவள். எங்கள் வீடோ அவனியாபுரத்தில். மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்டால் தலைக்கு மேல் விமானம் போகும். போதாக்குறைக்கு, நம் நாட்டு விமானிகளில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேர் பெண்களாம். உலகச் சராசரியைப் போல் இது இரண்டு மடங்குக்கும் மேல். "பேஷ்!" என்றேன்.

"பெரிய விமானம் இல்லேம்மா; ஹெலிகாப்டர்" என்றாள். அப்போதுதான் திடுக்கிட்டேன்.

செய்தி கேட்டு, சோழவந்தானிலிருந்து என் அண்ணன் நோட்டும் பென்சிலுமாக வந்து இறங்கினார். அவருக்கு எதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால்தான் சோறு இறங்கும்.

"விமான லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்கணும். ஹெலிகாப்டருக்கு 150."

"பார்த்தீங்களா மாமா, மணி குறைச்சல்!"

"மணி குறைச்சல்தான், தாயி. மணிக்குக் காசு அதிகம்!"

மேலும் எழுதினார். விமானக் கம்பெனிகளிடம் 800 விமானங்களுக்கு மேல் இருக்கின்றன. ராணுவம் சாராத ஹெலிகாப்டர்களோ நாடு முழுவதும் சுமார் 250தான். அவற்றிலும் படையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்து ஓய்வு பெற்றவர்களே பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்றுத் தேறிய பெண்ணுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? ஒன்றின் லைசென்ஸை வைத்துக்கொண்டு மற்றொன்றை ஓட்டவும் முடியாது. விமானம் என்றால் 65 வயது வரை சம்பளம்.

எதைப் படித்தாலும் அரைக் கோடிக்கு மேல் ஆகும். எங்களிடம் இருப்பது அவள் அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பு ஒன்றே. "அடமானம் வைக்கிறதா இருந்தா விமானத்துக்கு வை, தங்கச்சி" என்று அண்ணன் நோட்டை மூடினார்.

என் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அத்தை வந்த ரயிலை மறந்துட்டீங்களா, மாமா?" என்றாள்.

எப்படி மறக்கும்? 2023 டிசம்பர் 17. என் நாத்தனார் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு செந்தூர் எக்ஸ்பிரஸில் திரும்பிக்கொண்டிருந்தார். ஸ்ரீவைகுண்டத்தோடு ரயில் நின்றது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள், சுற்றிலும் தண்ணீர். இரண்டு இரவுகள் எங்கள் வீட்டில் யாரும் கண் மூடவில்லை. விமானப் படை ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டது. ஒரு கர்ப்பிணியையும் ஒன்றரை வயதுக் குழந்தையையும் மேலே தூக்கிக் காப்பாற்றியது. "அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் உயிர் வந்தது" என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்வார்.

"விமானத்துக்கு நீளமா ரன்வே வேணும், மாமா. அன்னைக்கு அங்கே ரோடே இல்லை. விசிறிதானே போச்சு?"

அண்ணன் நோட்டைத் திறக்கவில்லை.

அந்தரத்தில் அசையாமல் நிற்பது எப்படி என்று நான் கேட்டேன். "உங்க தையல் மெஷின் மாதிரிதான்ம்மா. இரண்டு கையும் இரண்டு காலும் சேர்ந்து வேலை செய்யணும். ஒண்ணு தப்பினா தையல் கோணும்" என்றாள். கோணுவது தையலாக இருந்தால் பிரித்துத் தைக்கலாமே! 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது நினைவுக்கு வந்தது. 2025 ஜூன் 12-ல் ஆமதாபாத்தில் விழுந்தது பெரிய விமானந்தான் என்று மனத்தைத் தேற்றினேன். ஆனாலும், மொத்தத்தில் கம்பெனி விமானமே அதிகப் பத்திரம் என்பது எனக்கும் தெரியும்.

வழி சொன்னவள் அவளே. விமானப் படைப் பரீட்சை எழுதுவாளாம். தேறினால் பயிற்சிக்கு நம் பணம் வேண்டாம். பதினான்கு வருஷம் சேவை. எந்த ரக விமானம் என்பதைப் படையே முடிவு செய்யும். விசிறி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். 1999 கார்கில் போரில் குஞ்சன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் ஹெலிகாப்டர் ஓட்டினார்களே என்றாள். தேர்வில் விமானியாகும் திறமையைச் சோதிப்பது ஆயுளில் ஒரே ஒரு தடவை. தவறினால் அந்தக் கதவு மூடிவிடும். அப்போது தோப்பை அடமானம் வைத்து, மாமா சொன்ன விமானத்துக்கே போவதாக வாக்குக் கொடுத்தாள்.

உயரம் 162.5 சென்டிமீட்டராவது வேண்டுமாம். காலின் நீளத்துக்குக்கூடக் கணக்கு! சமையலறைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, தையல் டேப்பால் நானே அளந்தேன். 164. என்னையும் மீறி, "அப்பாடா!" என்று வாய் சொல்லிவிட்டது.

எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். நேர்முகத் தேர்வு அடுத்த மாதம். நேற்று மீனாட்சி சந்நிதியில் வெகு நேரம் நின்றேன். அவள் தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனா, தவற வேண்டும் என்றா? அதை மட்டும் என்னைக் கேட்காதீர்கள், சகோதரிகளே. டேப்பை மட்டும் மெஷின் டிராயரில் போடாமல், அவள் பெட்டியில் வைத்திருக்கிறேன்.