ஒன்பதாம் தேதி மழை

எங்கள் வீட்டு மரப் பீரோவின் கீழ்த்தட்டில் இருபத்தொன்பது நோட்டுகள் இருக்கின்றன. 1984 முதல் 2012 வரை, வருஷத்துக்கு ஒன்று. எல்லாம் மழைக் கணக்கு. நான் வேலை பார்த்த அலுவலக வளாகத்தில் ஒரு மழைமானி இருந்தது. ஐந்து அங்குல விட்டத்தில் ஒரு புனல், அதன் கீழே ஒரு பாட்டில், அளக்க ஒரு கண்ணாடிக் குவளை. அவ்வளவுதான் கருவி. காலை 8.30-க்கு பாட்டிலில் இருப்பதைக் குவளையில் ஊற்றி, மில்லிமீட்டர் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேடு சர்க்காருக்கு. எனக்கென்று தனியே ஒரு நோட்டில் நகல் எழுதிக்கொள்வேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. சிலர் தபால்தலை சேர்ப்பார்கள்.

2013-ல் ஓய்வு பெற்றபோது வீட்டுக்காரி அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடப் பார்த்தாள். எப்படியோ தடுத்துவிட்டேன். அவை வேலைக்கு ஆகும் என்று எனக்கே நம்பிக்கை கிடையாது. போன வருஷம் என் பேத்தி, மதுரையில் புள்ளியியல் முதுகலை படிப்பவள், வந்து கேட்டாள்.

"தாத்தா, அந்த மழை நோட்டெல்லாம் இன்னும் இருக்கா? ப்ராஜெக்ட்டுக்கு வாடிப்பட்டி மழையவே எடுத்துக்கிறேன்."

அன்றைக்கு நான் ரெண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

டைப் அடிக்கும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். இருபத்தொன்பது வருஷம் என்றால், எட்டு லீப் வருஷங்களையும் சேர்த்து, 10,593 நாள். நாளைக்கு ஒரு வரி. முதலில் தேதி, பிறகு நேரம், பிறகு மழை. 09/11/1987, 8.30, 41.2 என்கிற மாதிரி. லேப்டாப்பில் சாதாரண எழுத்துக் கோப்பாக அடித்தேன். காலையில் நூறு வரி, சாயங்காலம் நூறு வரி. இரண்டு மாதம் ஓடியது.

முதல் சிக்கல் உடனே வந்தது. தூறல் போட்ட நாளில் நான் அளவுக்குப் பதில் 'தூறல்' என்றே எழுதியிருந்தேன். நமக்குப் படித்தால் புரிகிறது. கம்ப்யூட்டருக்கு, எண் இருக்க வேண்டிய பத்தியில் ஒரே ஒரு சொல் இருந்தாலும் பத்தி முழுவதும் சொல்லாகிவிடுகிறதாம். அப்புறம் கூட்டவும் முடியாது, சராசரி பார்க்கவும் முடியாது. லீவு போட்ட நாட்களை வெறுமனே விட்டிருந்தேன். அதற்குப் பூஜ்யம் போடக்கூடாது, மழை இல்லை என்பது வேறு, அளக்கவில்லை என்பது வேறு என்று பேத்தி கறாராகச் சொன்னாள். நேரத்தை நம் வழக்கப்படி புள்ளி வைத்து 8.30 என்று அடித்திருந்தேன். அதை எட்டே கால், எட்டரை என்று பார்க்காமல் தசம எண்ணாக எடுத்து, கடைசிப் பூஜ்யத்தைத் தள்ளிவிட்டு 8.3 ஆக்கிவிட்டது. 8.3 மணி என்றால் எட்டு மணி பதினெட்டு நிமிஷம். வாழ்நாளில் ஒரு நாளும் நான் எட்டு பதினெட்டுக்கு அளவு எடுத்ததில்லை.

இதெல்லாம் கண்ணில் படுகிற தப்பு. திருத்திவிட்டோம். கண்ணில் படாத தப்பு ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை பேத்தி படங்களை எடுத்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். முடிவுரைகூட எழுதியாகிவிட்டது. வாடிப்பட்டியில் மழை ஐப்பசி கார்த்திகையோடு நிற்கவில்லை, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருக்கிறது என்பது அவள் கண்டுபிடிப்பு. எனக்கு அது ஒப்பவில்லை. நம் பக்கம் பெருமழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். சிறுமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருவதும், பெரியாறு கால்வாய் கலங்கி ஓடுவதும் எந்த மாசம் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சரி, எனக்குத் தெரிந்த ஒரு நாளைப் பார்ப்போம் என்று, "1987 நவம்பர் ஒன்பதைக் காட்டும்மா" என்றேன்.

அவளுடைய அப்பன், என் மூத்த மகன், பிறந்த நாள் அது. எட்டாம் தேதி ராத்திரி கொட்டிய மழையில் ஒரு வாடகைக் காரில் வீட்டுக்காரியை மதுரைக்குக் கூட்டிப் போனேன். விடிவதற்குள் பிரசவம். பிள்ளை முகத்தைப் பார்த்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வாடிப்பட்டி வந்து, 8.30-க்கு அளவு எடுத்தேன். 41.2 மில்லிமீட்டர். "பிள்ளை பெத்தவளை விட்டுட்டு மழையை அளக்கப் போன மனுஷன்" என்று இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்காட்டுவாள்.

கம்ப்யூட்டரில் அந்த நாளுக்கு மழை பூஜ்யம்.

"தாத்தா, 41.2 செப்டம்பர் 11-ல இருக்கு" என்றாள் பேத்தி.

இதை வெளியில் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். கொஞ்ச நாளாகவே எனக்குப் பெயர்கள் மறக்கின்றன. சந்தையில் பார்த்த பழைய நண்பரோடு கால் மணி நேரம் பேசிவிட்டு, யாரென்று தெரியாமலே வீடு திரும்பியிருக்கிறேன். அதனால் படம் ஒன்றும் என் நினைவு ஒன்றுமாகச் சொன்னபோது, நான் படத்தைத்தான் நம்பினேன். மழையும் பிரசவமும் வேறு வேறு நாளோ? இத்தனை வருஷமாக இரண்டையும் நான்தான் ஒட்டவைத்துக்கொண்டேனோ? நோட்டை எடுத்துப் பார்க்கலாம், பீரோ பக்கத்து அறையில்தான். பார்க்கப் பயமாக இருந்தது. அன்று ராத்திரி தூங்கவில்லை.

ஞாயிறு காலையில் அந்தப் படங்களை மறுபடி கையில் எடுத்தேன். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு படம், ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கோடு. ஜனவரியில் 10, 11, 12 தேதிகளில் கோடு உயரமாக இருந்தது. பிப்ரவரியிலும் அதே 10, 11, 12. மார்ச், ஏப்ரல், மே என்று எல்லா மாதமும் அப்படியே. மழை தேதி பார்த்து வருமா? நவம்பரைப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஏறக்குறைய வறண்டு கிடந்தது. 13-ம் தேதிக்கு மேல் மடையைத் திறந்துவிட்ட மாதிரி மழை.

அப்போதுதான் பிடிபட்டது. நாம் நாளை முன்னே எழுதுகிறோம், மாதத்தைப் பின்னே. அமெரிக்காவில் மாதம் முன்னே. அவள் பயன்படுத்திய மென்பொருள் அமெரிக்க வழக்கப்படி 09/11-ஐ ஒன்பதாவது மாதம் பதினோராம் தேதி என்று எடுத்துக்கொண்டது. 13/11 வரும்போது பதின்மூன்றாவது மாதம் கிடையாதே, அதனால் சத்தமில்லாமல் நம் வழக்கத்துக்கு மாறி, நவம்பர் 13 என்று சரியாகப் படித்திருக்கிறது. அக்டோபரின் முதல் பன்னிரண்டு நாள் மழை பன்னிரண்டு மாதங்களின் 10-ம் தேதிக்குப் போய்விட்டது. நவம்பருடையது 11-ம் தேதிகளுக்கு, டிசம்பருடையது 12-ம் தேதிகளுக்கு.

பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் மேல் தப்பில்லை, சோதித்துத்தான் பார்த்திருக்கிறாள். வரி எண்ணிக்கை 10,593, சரி. ஒரே தேதி இரண்டு முறை வரவில்லை, விட்டுப்போன தேதியும் இல்லை. ஏனென்றால் செப்டம்பர் 11 நவம்பர் 9-க்குப் போனால், நவம்பர் 9 செப்டம்பர் 11-க்கு வந்துவிடுகிறது. ஜோடி ஜோடியாக இடம் மாறிக்கொள்கின்றன. ஜனவரி 1, பிப்ரவரி 2 மாதிரி நாளும் மாதமும் ஒன்றான பன்னிரண்டு நாட்கள் மட்டும் தப்பிக்கின்றன. வருஷத்துக்கு 132 நாள் இடம் மாறியும், வருஷ மொத்தம் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அலுவலகத்தில் கூட்டல் சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். நானும் அப்படித்தான் அனுப்பியிருப்பேன்.

திருத்துவதற்கு ஆர் என்ற இலவச மென்பொருளில் உட்கார்ந்தோம். அதில் தேதி என்பது உள்ளுக்குள் வெறும் எண். 1970 ஜனவரி 1-ஐ பூஜ்யமாக வைத்து நாட்களை எண்ணிக்கொண்டு போகிறது. என் மகன் பிறந்த நாள் 6521. அதைச் செப்டம்பர் 11 என்று படித்தால் 6462. நாம் எழுதியது நாள், மாதம், வருஷம் என்ற வரிசையில் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டி, எம், ஒய் என்று மூன்று எழுத்து. அவசரத்தில் பேத்தி ஒய்-யைச் சின்ன எழுத்தில் அடித்துவிட்டாள். சின்ன ஒய் என்றால் வருஷத்துக்கு இரண்டு இலக்கம்தான் பார்க்குமாம். 1987-ல் 19-ஐ மட்டும் எடுத்து 2019 ஆக்கிவிட்டது! பதினாறு வருஷ மழையும் 2019-ல் பெய்தது. மிச்சம் 2020-ல். இரண்டு இலக்கம் என்றால் 69-லிருந்து 99 வரை போன நூற்றாண்டு, 68 வரை இந்த நூற்றாண்டு என்று அதற்கு ஒரு கணக்கு. நான் பிறந்தது 55-ல். அந்தக் கணக்குப்படி எனக்குப் பிறக்க இன்னும் நாள் இருக்கிறது.

பெரிய ஒய் போட்டதும் எல்லாம் ஊருக்குத் திரும்பின. ஐப்பசி கார்த்திகையில் மலை மாதிரி கோடுகள். 41.2 ஒன்பதாம் தேதியில் வந்து உட்கார்ந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தேன், என் கையெழுத்தில் அதேதான்.

இது எங்கள் வீட்டு அசட்டுத்தனம் மட்டுமில்லை. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 என்று சுருக்கப் பெயர் இருந்தது. எக்செல்லில் அடித்தால் தேதியாக மாறிவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்தத் தப்பு நிறைந்துபோய், 2020-ல் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது.

பெரியதிலிருந்து சிறியதாக, வருஷம், மாதம், நாள் என்று எழுதினால் குழப்பமே வராது என்று 1988-ல் ஒரு சர்வதேச விதி வந்திருக்கிறது. பேத்தி இதைப் புதுச் சங்கதியாகச் சொன்னாள். நம் பத்திர எழுத்தர்கள் "1987-ம் வருஷம் நவம்பர் மாதம் 9-ந் தேதி" என்றுதானே காலங்காலமாக ஆரம்பிக்கிறார்கள்? பேச்சில் சரியாகச் சொல்லிவிட்டு, சாய்கோடு போட்டு எழுதும்போதுதான் திருப்பிப் போடுகிறோம்.

இன்னும் ஒரு கூத்து பாக்கி. நேரத்தைச் சேர்க்கும்போது எந்த ஊர் நேரம் என்று கேட்டது. நமக்கு அதில் 'ஆசியா, கொல்கத்தா' என்று பெயர். அந்தப் பட்டியலில் பழைய கதையெல்லாம் இருக்கிறது. 1942 முதல் 1945 வரை யுத்தத்துக்காக நம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது உட்பட. என் அப்பா 'யுத்த டைம்' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊரைச் சரியாகச் சொல்லிவிட்டு, தேதியை மட்டும் தனியே பிரித்து எடுக்கும்போது பேத்தி ஊரைச் சொல்ல மறந்தாள். நேரம் இல்லாத தேதியை அது நள்ளிரவு 12 மணி என்று வைத்துக்கொள்ளும். நம் நள்ளிரவு, கிரீன்விச்சில் முந்தைய நாள் மாலை 6.30. எல்லா நாளும் ஒன்று பின்னால் போய், 41.2 எட்டாம் தேதிக்கு வந்தது.

"ஐயோ, மறுபடியும் தப்பு" என்று பேத்தி அழிக்கப் போனாள். அதுவரை கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குடி அழிக்கிற? மழை பேஞ்சது எட்டாந் தேதி ராத்திரிதானே. நான் நனைஞ்சேன், எனக்குத் தெரியாதா?"

அவள் சொல்வதும் நிஜம். முந்தைய காலை 8.30-லிருந்து அன்று காலை 8.30 வரை பெய்ததை, அளந்த நாளின் பேரில் எழுதுவதுதான் முறை. ஒன்பதாம் தேதி என்று நான் எழுதியது அளந்த தேதி. அதை விளக்கினேன். அவள் கேட்பதாக இல்லை.

"ஒங்க நோட்டுல நீங்க அளந்தது இருக்கு. பேஞ்சது எங்க இருக்கு?"

பேத்தி சிரித்துக்கொண்டே, கோப்பில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தாள். ஒன்றுக்கு 'அளந்த நாள்' என்று தலைப்பு. அடுத்ததற்கு 'அப்பத்தா கணக்கு' என்று அடித்துவிட்டு, ஒப்படைக்கும் முன் மாற்றிவிடுவதாகச் சொன்னாள்.