வராத பெருநகரம்

ஜாஸ்பரிலிருந்து ரயிலேறி, இடையே பிரின்ஸ் ஜார்ஜில் ஓர் இரவு தங்கி, இரண்டாம் நாள் நாங்கள் இருவரும் பிரின்ஸ் ரூபர்ட் வந்து சேர்ந்தோம். கடைசிச் சில மணி நேரம் ஸ்கீனா ஆறு கூடவே வந்தது. அது எங்கே முடிந்தது, கடல் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. இரண்டின்மீதும் ஒரே மழை.

கனடாவின் மேற்குக் கரையில், அலாஸ்கா எல்லைக்குச் சற்றுத் தெற்கே, ஒரு தீவில் அமைந்த துறைமுகம் இது. மக்கள்தொகை ஏறத்தாழ 12,000. ஆண்டு மழையளவு சுமார் 2,500 மில்லிமீட்டர். பெய்து ஓயும் மழையையே அறிந்த நாங்கள், முதல் நாள் முழுக்க விடுதி ஜன்னலருகே அது விடுவதற்காகக் காத்திருந்தோம். மழை விட்டபின்தான் வெளியே போவது என்றிருந்தால் இந்த ஊரில் ஒருவரும் பள்ளிக்கூடம் போயிருக்க முடியாது என்றார் விடுதிக்காரப் பெண்மணி.

மறுநாள் நனைந்தபடியே நடந்தோம். நகர மன்றத்தின் அருகே சார்லஸ் மெல்வில் ஹேய்ஸின் வெண்கலச் சிலை நிற்கிறது. கிராண்ட் ட்ரங்க் ரயில்வேயின் தலைவர். வான்கூவருக்கு நிகரான ஒரு பெருநகரத்தை இங்கே எழுப்பக் கனவு கண்டவர். பாஸ்டன் நகர வல்லுநர்களைக் கொண்டு வீதிகள் வரையப்பட்டன. போட்டி வைத்து ஊருக்குப் பெயர் தேர்ந்தார்கள். பெயருக்குரிய இளவரசர் இந்த மண்ணை மிதித்தவரல்ல. 1912 ஏப்ரலில் டைட்டானிக்கோடு ஹேய்ஸ் மூழ்கிப்போனார். 1914இல் இருப்புப்பாதை முடிந்தது. 1919இல் நிறுவனம் நொடித்தது. பெருநகரம் வரவேயில்லை.

தோற்றுப்போன ஒரு கனவைப் பார்க்கும் ரசனையோடுதான் நாங்கள் வந்திருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ரசனையைக் குலைத்தது, நெடுமனை வடிவில் கட்டப்பட்ட இங்குள்ள அருங்காட்சியகம். இந்தத் துறைமுகத்தைச் சுற்றி சிம்ஷியன் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். வரைபடத்தில் வெற்றிடமாகக் காட்டப்பட்ட கரை ஒருபோதும் வெற்றிடமாக இருந்ததில்லை.

அருகிலுள்ள போர்ட் எட்வர்டில், நீர்மேல் மரக்கால்களில் நிற்கிறது 1889இல் தொடங்கப்பட்ட சால்மன் பதனிடும் ஆலை. நகரத்தைவிட மூத்தது, இன்று அருங்காட்சியகம். பூர்வகுடிகள், சீனர், ஜப்பானியர், ஐரோப்பியர் எனத் தொழிலாளர்க்குத் தனித்தனிக் குடியிருப்புகள். போரின்போது, 1942இல், இந்தக் கரையின் ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும் அகற்றப்பட்டார்கள். அதற்கு முன்பே அவர்களின் மீன்பிடிப் படகுகள் பறிமுதலாகியிருந்தன. மரக்கூரையில் மழை விழும் ஓசையில் நாங்கள் வெகுநேரம் பேசாமல் நின்றோம். முந்தைய நாள் ஹேய்ஸுக்காக இரங்கிய மனம், மீன் அறுத்த இந்தக் கைகளைப் பற்றி ஒரு கணமும் எண்ணவில்லையே என்ற வெட்கம் எழுந்தது.

தோற்றது ஊரல்ல, ஊரைப் பற்றிய ஒரு திட்டம் மட்டுமே. 2007இல் திறக்கப்பட்ட சரக்குப் பெட்டக முனையத்துக்கு ஆசியக் கப்பல்கள் வருகின்றன. அதை வெற்றி என்று எழுதவும் இப்போது தயக்கமாக இருக்கிறது. வந்துபோகும் கப்பல்களை எண்ணி ஒரு கரையை அளப்பதும் அதே பழைய அளவுகோல்தானே?

கிளம்பிய காலையிலும் மழை பெய்தது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.