தன் குரலே தனக்குச் சாட்சி

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்வோர் அறிவர்: அவ்வூரில் இறங்கியதும் கடலோசைக்கு முன்பே உளியோசைதான் காதில் விழும். அங்குள்ள பட்டறை ஒன்றில் என் தம்பி மகன் சிற்பியாக இருக்கிறான். 1957-இல் அவ்வூரில் தொடங்கப்பெற்ற அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் முறையாகப் பயின்றவன். கையில் கலை உண்டு, நாவில்தான் தடை. பிள்ளைப் பருவம் முதல் திக்கிப் பேசுபவன்.

தந்தையை இழந்த குடும்பம். படிக்கும் தங்கை ஒருத்தி. நாட்கூலி போதாமல், வெளியூர் வேலைகள் கிடைக்கட்டும் என்று லிங்க்ட்இன் தளத்தில் தன் பெயரில் ஒரு பக்கம் திறந்தான். பட்டம், அனுபவம், தெரிந்த வேலைகள் என யாவற்றையும் வரிசையாக எழுதினான். மாதங்கள் ஓடின. எட்டிப் பார்ப்பார் இல்லை.

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து என் வீட்டுக்கு வந்தான். பக்கத்தைப் பார்த்தேன். "இதே சொற்களைத்தான் ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். உன் கையையும் உன் குரலையும் அல்லவா காட்ட வேண்டும்?" என்றேன். தம் பெயரைத் தம் குரலிலேயே 10 வினாடிக்குள் கைப்பேசியில் பதிந்து வைக்கும் வசதியை அத்தளம் 2020-இல் கொண்டுவந்தது. வெளிநாட்டார் நம் தமிழ்ப் பெயர்களைச் சிதைக்காமல் அழைக்க அது பேருதவி. அதைச் சொன்னதும் அவன் முகம் வாடிற்று. "பெரியப்பா, எனக்குச் சொல்ல மிகக் கடினமான சொல்லே என் பெயர்தானே!" என்றான்.

அப்போது நான் ஒரு குறுக்குவழி காட்டினேன். எழுதிக் கொடுத்தால் வானொலி அறிவிப்பாளரைப்போல் கணினியே பேசிவிடும்; அக்குரலைச் சேர்த்துவிடலாம் என்றேன். "மோயீசனும் நாவன்மை அற்றவர்தாம். இறைவன் அவருக்கு ஆரோனைத் துணையாகத் தரவில்லையா?" என்று வேதாகமத்தையும் துணைக்கு அழைத்தேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தட்டுத் தடுமாறிச் சொன்னான்: "ஆரோன் ஆரோனாகத்தானே பேசினார், பெரியப்பா? மோயீசனுடைய குரல் இதுவே என்று எவரையும் நம்ப வைக்கவில்லையே. நாளை வேலை தருபவர் தொலைபேசியில் அழைத்தால் நான் எந்தக் குரலில் பேசுவேன்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. பல ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பில் எட்டாம் கட்டளையை விளக்கியவன் நான்!

அடுத்த சனிக்கிழமை பட்டறைக்குச் சென்றேன். முடிந்த சிலையின் முன் அவனை நிறுத்திப் படமெடுக்க விரும்பினேன். அவனோ, "முடிந்த சிலையைக் கண்டால் செய்தவர் யார் என்பது எப்படித் தெரியும்?" என்று கேட்டு, பாதி செதுக்கிய தேவதாய் சிலையருகே அமர்ந்தான். பல்லவர் விட்டுச் சென்ற முற்றுப்பெறாத குடைவரைகள் அவ்வூரில் உண்டு. பாறையில் கட்டங்கட்டமாகப் பள்ளம் வெட்டி, இடையில் நின்ற கல்லைப் பெயர்த்தெடுத்த வேலைமுறையை அவைதாமே நமக்குக் காட்டுகின்றன!

கைப்பேசியைக் கிடையாகப் பிடித்தேன். காலை வெளிச்சம் அவன் முகத்தில் விழுமாறு நின்றேன். கடற்காற்று இரையாதிருக்கச் சுவரோரம் ஒதுங்கினோம். அருகில் வேலை செய்தோரிடம் அனுமதி பெற்றே அவர்களைப் படத்தில் சேர்த்தோம். ஒலியின்றிப் பார்ப்போருக்காகவும் செவிப்புலன் குறைந்தோருக்காகவும் பேச்சைக் கீழே எழுத்தில் இட்டோம். வீட்டு முகவரியும் ஆதார் எண்ணும் எங்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டோம். வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர் எவராயினும் பதில் எழுதாதே என்றும் எச்சரித்தேன். காணொளி ஒரு நிமிடத்துக்குள் அடங்கியது.

பெயரை மட்டும் நான்கு முறை பதிந்தோம். நான்காம் முறையும் முதலெழுத்தில் நா தடுக்கிற்று. ஆயினும் 10 வினாடிக்குள் முடிந்தது. "இதுவே இருக்கட்டும்" என்றான்.

மூன்றாம் வாரம் தென் மாவட்டப் பங்கு ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. புதிய ஆலயத்துக்குச் சிலை வேண்டுமாம். பட்டறையை நேரில் காண வருவார்களாம். முடிவில், "உங்கள் பேச்சைக் கேட்டோம். நாங்கள் வரும்போது அவசரமின்றிப் பேசலாம்" என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படித்து அவன் தாய் அழுதுவிட்டாள்.

வந்தார்கள், கண்டார்கள், ஒரு சிலைக்கு முன்பணமும் தந்தார்கள். நிலையான வேலை இன்னும் அமையவில்லை. ஆயினும் அன்றுமுதல் அவன் தொலைபேசி மணி ஒலித்தால் தங்கையிடம் நீட்டுவதில்லை. தானே எடுத்துப் பேசுகிறான்.

2021-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்திக்குத் திருத்தந்தை பிரான்சிஸ், நத்தனியேலைப் பிலிப்பு அழைத்த நிகழ்ச்சியையே பொருளாகக் கொண்டார். பிலிப்பு நெடிய வாதம் செய்யவில்லை. நேரில் வந்து காணும்படி அழைத்தார், அவ்வளவே.

வேலை தேடும் பிள்ளைகளையுடைய பெற்றோரே! உங்கள் மக்கள் தங்கள் முகத்தையும் குரலையும் உலகுக்குக் காட்டத் தயங்கினால் அருகில் அமர்ந்து துணை செய்யுங்கள். ஆனால் நான் செய்ததுபோல் இரவல் குரலைத் தேடித் தராதீர்கள். இறைவன் தந்த குரல், திக்கினாலும் அவர்களுடையதே.