இடது காலுக்கு ஓய்வு

நாற்பது வருஷ காலம் என் இடது கால் ஒரே உத்தியோகம் பார்த்து வந்தது. கிளச்சை மிதிப்பது, விடுவது. மறுபடி மிதிப்பது, விடுவது. ஸ்டியரிங்கின் ஓரத்திலே கியர்க் கம்பி நீட்டிக்கொண்டிருந்த பழைய அம்பாஸடரில் பழகிய கால் அது. சென்ற வருஷம் முழங்கால் டாக்டர் அதற்குக் கட்டாய ஓய்வு கொடுத்துவிட்டார். "கார் ஓட்டியே தீருவேன் என்றால், கிளச் இல்லாத காராகப் பார்த்து வாங்குங்கள்" என்றார்.

பையன் வாங்கிக் கொடுத்தும் விட்டான். "இனிமே உங்களுக்கு ஒரு வேலையும் இல்லேப்பா. டி-யில் போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான்" என்றான்.

உட்கார்ந்தேன். முதல் நாளே மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது சிவப்பு விளக்கு குறுக்கிட்டது. என் இடது கால் பழைய விசுவாசம் மாறாமல் கிளச்சைத் தேடிற்று. கிளச் இல்லை, அகலமாக பிரேக் ஒன்று அகப்பட்டது. கிளச்சை மிதிக்கிற பலத்தோடு அதை மிதித்துவிட்டது! கார் அறைந்தாற்போல் நின்றது. பின் ஸீட்டிலிருந்த கத்தரிக்காய்கள் முன் ஸீட்டுக்கு வந்து சேர்ந்தன. பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் வம்சத்தைப் பற்றிச் சொன்ன அபிப்பிராயங்களை இங்கே அச்சிடுவதற்கில்லை. அன்று முதல் இடது காலை மடக்கி ஓரமாக வைத்துக்கொள்வது என்றும், பிரேக், ஆக்ஸிலரேட்டர் இரண்டையும் வலது காலே கவனித்துக்கொள்வது என்றும் தீர்மானமாயிற்று.

அப்புறம் எழுத்துக்கள். பி, ஆர், என், டி, எல் என்று ஐந்து. நிறுத்தி வைக்க, பின்னால் போக, எதிலும் சேராமல் இருக்க, முன்னால் போக. கடைசியில் இருக்கும் எல், கீழ்க் கியருக்கு. இந்த எல்-லைப் பற்றிப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆட்டோமாட்டிக் கியர் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபீல் கார்களில். அந்தக் காலத்தில் சில கார்களில் எல்-லுக்கு அடுத்தாற்போலவே ஆர் இருந்தது. முன்னால் போக நினைத்தவர் பின்னால் போய்ச் சுவரை இடிப்பதற்கு அவ்வளவே போதும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவிலே என் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்காவில் 1968-இல் விதி அமலுக்கு வந்தது.

உள்ளே நடப்பது வேடிக்கையான சமாசாரம். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றுக்கு மற்றதும் மெள்ளச் சுற்றுமல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளச் செய்த வேலையை அந்த எண்ணெய் செய்கிறது. அதனால்தான் டி-யில் போட்டுப் பிரேக்கை விட்டால், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே வண்டி நகர்கிறது. டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது வண்டி அடியோடு நின்றிருக்க வேண்டும் என்பதும் இதைப் போலவே முக்கியம். பாதி நகரும்போது மாற்றினால் உள்ளே 'டங்'கென்று ஒரு சத்தம் வரும். அது நம் பர்ஸ் போடுகிற சத்தம்.

பி என்பது ஒரு சிறு இரும்புப் பல். பல்சக்கரத்தின் பள்ளத்தில் போய் விழுந்து வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் வீட்டு வாசல் சரிவு. ஒரு மாதம் வரையில் வெறும் பி-யில் போட்டுவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தேன். வண்டியின் முழுப் பாரத்தையும் அந்த ஒற்றைப் பல் தாங்கிக்கொண்டிருந்ததென்று எனக்கு எப்படித் தெரியும்? காலையில் பி-யிலிருந்து எடுக்கும்போது வண்டி தூக்கிப் போடும். இப்போது பிரேக்கை மிதித்தபடியே என்-னில் போட்டு, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெதுவாக எடுத்துப் பாரத்தை அதன் தலையில் இறக்கிவிட்டு, அப்புறந்தான் பி.

போன மாசி மாதம் சேலத்தில் ஒரு கல்யாணம். முடிந்ததும் என் மனைவி, "இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏற்காட்டைப் பார்க்காமல் போகிறதா?" என்றாள். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் வண்டி சமர்த்தாக ஏறிற்று. மறுநாள் இறங்கும்போதும் டி-யிலேயே விட்டுவிட்டேன். அதுதான் தானாகவே பார்த்துக்கொள்கிறதே!

ஆறேழு வளைவுகள் கடந்திருப்போம். "என்னங்க, ஏதோ தீயற மாதிரி இல்லே?" என்றாள். யார் வீட்டிலோ சமையல் என்றேன். காட்டிலே ஏது வீடு? அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். கால் வழக்கத்தைவிடக் கீழே போயிற்று. வண்டி வழக்கத்தைவிடத் தாமதித்து நின்றது. அவள் பக்கத்தில் தடுப்புச் சுவர். சுவருக்கு அப்பால் சேலம் பட்டணம் முழுவதும் சின்னச் சின்னதாகத் தெரிந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டாள், கை நடுங்கிற்று. என் கையும் நடுங்கியதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை.

சாலை சற்று அகன்ற இடத்தில் ஒரு வேன் நின்றிருந்தது. அதன் பின்னால் ஓரங்கட்டினேன். டிரைவர் இளைஞர்தான். சக்கரத்தினருகே குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அரை மணி நேரம் ஆறட்டும் சார், தண்ணியை ஊத்திடாதீங்க. எதுல இறங்கினீங்க?" என்று கேட்டார்.

"டி-யில்."

"டி-க்கு அடுத்தாப்ல இருக்கிற பள்ளம் தெரியுமா சார்? ஏறுறப்போ எந்தக் கியர் கேட்டுச்சோ, இறங்குறப்பவும் அதே கியர்தான். எல் எதுக்கு இருக்குன்னு நினைச்சீங்க?"

நியாயமான கேள்வி. வேகத்தையும் என் காலின் அழுத்தத்தையும் பார்த்துத்தான் என் வண்டி கியரைத் தேர்ந்தெடுக்கிறது. இறக்கத்தில் காலை எடுத்தவுடன், பாரம் இல்லை என்று நினைத்து மேல் கியருக்குப் போய்விடுகிறது. அப்புறம் தடுக்கிற வேலையெல்லாம் பிரேக்கின் தலையில். சூடு ஏற ஏற அதன் பிடி தளர்கிறது. கீழ்க் கியரிலோ, சக்கரம் என்ஜினைச் சுற்ற வேண்டியிருப்பதால் என்ஜினே இழுத்துப் பிடிக்கிறது. இறக்கத்தில் என்-னில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நண்பர் ஒருவர் எனக்குப் போதித்திருந்தார். நல்ல வேளை, அதைப் பரீட்சை செய்யவில்லை! என்-னில் பிடிப்பு துளியும் கிடையாது. மிச்சமும் கிடையாது: இந்தக் காலத்து என்ஜின், கியரில் காலெடுத்து இறங்கும்போது பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. என்-னில்தான் குடித்துக்கொண்டிருக்கிறது.

அரை மணிக்குப் பிறகு வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு எல்-லுக்கு மாற்றினேன். என்ஜின் உரக்க முனகிற்று.

"கெட்டுப் போச்சா?" என்றாள், தோளை விடாமல்.

"இல்லை, பிடித்துக்கொண்டிருக்கிறது."

அடிவாரத்தில் மறுபடி டி-க்கு மாற்றும்போதுதான் குனிந்து பார்த்தேன். ஓரமாக மடங்கியிருக்க வேண்டிய என் இடது கால், வழி நெடுக, இல்லாத கிளச்சை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறது. அன்றிரவு தைலம் தேய்த்துவிட்டவள் அவள்தான்.