பரணில் தூங்கும் அரசு லேப்டாப்

சென்னையில் பாடி, கொரட்டூர் பக்கம் பல வீட்டுப் பரண்களில் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப் ஒன்று தூசியோடு கிடக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் அது. ஆரம்பகால மாடல்களில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 கூடவே, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. லினக்ஸ் பக்கம் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது.

முதலில் பிராசசர் 64 பிட்டா என்று பார்க்க வேண்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்புக்கு 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது; அந்த வகை மெஷினுக்கு டெபியன் 12-தான். அடுத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ரிச்சி தெருவில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் வேகம் பளிச்சென்று தெரியும். ராம் 4 ஜிபி ஆனால் இன்னும் நல்லது.

பைத்தான், சி, கிட், விம் எல்லாம் இதில் தாராளமாக ஓடும். மூச்சு வாங்க வைப்பது பிரவுசர்தான். பெரிய கம்பைல் வேலையை எஸ்எஸ்எச் வழியே வேறு மெஷினுக்குத் தள்ளிவிடலாம்.

பேட்டரி உப்பியிருந்தால் மட்டும், சார்ஜரைச் செருகும் முன்பே அதைக் கழற்றிவிடுங்கள்.